முப்பது விநாடிக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்

செப்டம்பர் 4, திங்கள்

இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஜனவரியில் கொடுத்த டைரி இது. அரிசி டப்பா மேல் சும்மா கிடந்தது. பஸ் கண்டக்டராகப் பணியில் இருந்தவரை தினமும் டிரிப் ஷீட் எழுதி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். ஓய்வு பெற்ற பிறகும் கை எதையாவது எழுதக் கேட்கிறது. சரி, எழுதட்டும்.

காலையில் மகள் கோகிலா பூனாவிலிருந்து போன் செய்தாள். "அப்பா, அந்தப் பழைய கம்ப்யூட்டர்ல வீடியோவே ஓடாது. புது விண்டோஸ் போடுங்க. மதுரை டாக்டர் மாசாமாசம் அம்மாவை வீடியோவுலயே பார்க்கிறேன்னு சொல்லிட்டாங்க. ஒவ்வொரு தடவையும் பஸ்ல கூட்டிட்டு அலைய வேணாம்."

"போன்லயே பேசலாமே" என்றேன்.

"போன்ல என்னைப் பார்த்தா அம்மா யாருன்னு கேக்குறாங்கப்பா."

அது கண்ணாடியால். போனில் முகம் கட்டை விரல் அளவுதான் தெரிகிறது. அவள் அம்மா இந்திராணிக்குக் கண்ணாடி மாற்றி நாலு வருஷம் ஆகிறது. இந்த வாரமே அழைத்துப் போக வேண்டும்.

செப்டம்பர் 7, வியாழன்

ரபீக் வந்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். இந்திராணி 'கோகிலா கிராபிக்ஸ்' நடத்திய காலத்தில் பக்கத்துக் கடை. திண்டுக்கல்லில் பாதிப் பேர் கல்யாணப் பத்திரிகை அவள் கையால் அடித்ததுதான். காதுகுத்து, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அங்கேதான். கடையை மூடி மூன்று வருஷம் ஆகிவிட்டது. கம்ப்யூட்டர் மெஷினை மட்டும் வீட்டு முன்னறைக்குக் கொண்டு வந்துவிட்டோம். காலையில் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். மதியம் வரை அங்கேதான். அந்த நேரத்தில் அவளிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ரபீக் மெஷினைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "மாமா, அத்தையோட தமிழ் சாஃப்ட்வேர், அந்த ஃபாண்ட், டைப்ரைட்டர் கீபோர்டு எதுவுமே புதுசுல ஓடாது. புதுசைப் போட்டா இது எல்லாம் போயிரும்."

"போகக் கூடாது."

"அப்ப ரெண்டையும் வைக்கலாம். டிஸ்க்கை ரெண்டா பிரிச்சு ஒரு பக்கம் பழசு, ஒரு பக்கம் புதுசு. ஸ்விட்ச் போட்டதும் எது வேணும்னு கேக்கும்."

ஒரே வண்டிதான், ஸ்டாண்டில் போர்டை மாற்றி வேறு ரூட்டில் விடுவது போல. இது எனக்குப் புரியாதா?

செப்டம்பர் 10, ஞாயிறு

நாள் முழுக்க இதே வேலை. முதலில் அவளுடைய பழைய வேலைகளை எல்லாம் ஒரு டிஸ்க்கில் நகல் எடுத்தோம். பிறகு பிரித்தான். பிறகு புதியதை ஏற்றினான். அது ஏறும்வரை இந்திராணி அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். "என் மெஷினைப் பிரிச்சுப் போட்டு என்னங்க பண்றீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். சரி என்று போனாள். திரும்பி வந்து அதையே கேட்டாள். திரும்பவும் சொன்னேன். கண்டக்டருக்கு இது புதிதா என்ன, செம்பட்டி எப்ப வரும் என்று ஒரே ஆள் எத்தனை முறை கேட்பார்.

இப்போது ஸ்விட்ச் போட்டால் கறுப்புத் திரையில் இரண்டு வரி வருகிறது. மேலே புதியது, கீழே பழையது. முப்பது விநாடிக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யாரும் தொடாவிட்டால் தானாகப் புதியது திறந்துகொள்ளும்.

"பழசையே முதல்ல வச்சிரவா மாமா?" என்று ரபீக் கேட்டான். கோகிலா போனில் இருந்தாள். "வேணாம். புதுசே முதல்ல இருக்கட்டும். பழசை விட்டா அம்மா அதுலயே தங்கிருவாங்க. கொஞ்சம் கொஞ்சமாப் பழகணும்ல?" என்றாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. பழகினால் எல்லாம் வரும்.

செப்டம்பர் 11, திங்கள்

அம்புக்குறி பட்டனை ஒரு தட்டு தட்டி, என்டர். பழையது வந்தது. திரையில் அந்தப் பச்சைப் புல் மேடும் நீல வானமும் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு தெளிச்சி. உட்கார்ந்துவிட்டாள்.

செப்டம்பர் 19, செவ்வாய்

இப்போதெல்லாம் காலையில் ஸ்விட்ச் போடுவது நான்தான். அந்த முப்பது விநாடியை அவளிடம் விட முடியவில்லை. நேற்று நான் பால் வாங்கப் போன நேரத்தில் அவளே போட்டுவிட்டாள். புதியது திறந்துகொண்டது. நான் வரும்போது கையை மடியில் வைத்துக்கொண்டு, டவுன் பஸ்ஸில் ஸ்டாப்பைத் தவறவிட்டவள் போல முழித்துக்கொண்டிருந்தாள். அணைத்து, பழையதைப் போட்டேன். "எங்க போயிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அவளுக்கு வேலை வேண்டும். வேலை இல்லாவிட்டால் பழைய பத்திரிகையையே திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கிறாள். அதனால் நானே ஆர்டர் கொண்டு வருகிறேன். என் ரூட்டில் வந்த பயணிகள் பேரையெல்லாம் கோத்து எழுதுகிறேன். சித்தையன்கோட்டை மாப்பிள்ளை, பட்டிவீரன்பட்டிப் பெண், வத்தலக்குண்டு மண்டபம். துண்டுக் காகிதத்தை நீட்டியதும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசிப்பாள். இன்றைக்கு ஒரு தப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"செவ்வாக்கிழமை முகூர்த்தமா? எந்தக் கூறு கெட்டவன் குறிச்சுக் குடுத்தான்? பொண்ணு வீட்டுல கேட்டுட்டு வரச் சொல்லுங்க."

இவளுக்கா மறதி? டாக்டர்கள் எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

கேட்டுவிட்டு வந்ததாகச் சொல்லி புதன்கிழமை ஆக்கினேன். அடித்து முடித்ததும் புரூஃப் எடுத்து என்னிடம் கொடுத்தாள். எழுத்து விடாமல் படித்து, 'சரி' என்று சொன்னால்தான் அவள் பிரிண்ட் போடுவாள். ஓரிடம் காலியாக இருந்தாலும் போடமாட்டாள். கடை நடத்திய காலத்திலிருந்தே அது அவள் சட்டம்.

பேச்சுவாக்கில் பழைய கதையை இழுத்தேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால் செம்பட்டியிலிருந்து டைப்பிங் இன்ஸ்டிடியூட்டுக்கு என் வண்டியில்தான் வருவாள். கூட்டம் பிதுங்கும். எனக்குப் பின்னால் உள்ள ஜன்னல் சீட்டில் என் துண்டைப் போட்டு வைத்து, அவள் ஏறியதும் எடுத்துவிடுவேன். இதைச் சொன்னால் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. "சீட்டு தானா காலியா கெடந்துச்சு, நான் உக்காந்தேன். இவரு பெரிய துண்டு போட்டாராம்" என்பாள். கல்யாணத்தில் கேட்டேன், அப்படித்தான் சொன்னாள். கோகிலா கல்யாணத்தில் சம்பந்தி முன்னால் கேட்டேன், அதே பதில். இன்றைக்கும் கேட்டேன்.

"எந்த வண்டி?" என்றாள்.

கீபோர்டில் கவனமாக இருந்தாள். வேலை செய்கிறவளிடம் கதை கேட்டது என் தப்பு.

செப்டம்பர் 28, வியாழன்

புதுக் கண்ணாடி வந்துவிட்டது. பவர் மாறவே இல்லையாம். கடைக்காரனுக்குச் சரியாகப் பார்க்கத் தெரியவில்லை.

அக்டோபர் 8, ஞாயிறு

புதியதில் வீடியோ நன்றாகவே வந்தது. டாக்டர் அம்மா பெரிதாகத் தெரிந்தார். இந்திராணியிடம் இன்று என்ன கிழமை, இது எந்த ஊர், பக்கத்தில் இருப்பவர் யார் என்று கேட்டார். முதல் இரண்டுக்கும் சிரித்து மழுப்பினாள். மூன்றாவதுக்கு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வீட்டு ஆளுதான்" என்றாள்.

சரியான பதில்தானே. அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் பேரைச் சொல்லமாட்டார்கள். டாக்டரிடமும் அதைத்தான் சொன்னேன்.

பிறகு என்னைத் தனியாகப் பேசச் சொன்னார். நோயின் பெயரைச் சொன்னார். எழுத்துக்கூட்டத் தெரியாததால் இங்கே எழுதவில்லை. "பழகின வேலையைச் செய்யவிடுங்க. கடைசி வரைக்கும் நிக்கிறது அதுதான்" என்றார். கடைசி என்று ஏன் சொன்னார் என்று கேட்க நினைத்தேன், லைன் கட்டாகிவிட்டது. நான்தான் கட் பண்ணினேன்.

அக்டோபர் 23, திங்கள். ஆயுதபூஜை

நல்ல நாள். ஏழரைக்கு ராகுகாலம், அதற்குள் பூஜையை முடித்துவிட வேண்டும் என்று ஓடினேன். கோகிலா வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டதால் காலையில் மெஷின் புதியதில் இருந்தது. பேசி முடித்து அணைத்தால் அணைய மாட்டேன் என்கிறது. ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே, வேலை நடக்கிறது, அணைக்காதே என்று ஆங்கிலத்தில் சொல்லியது. ஆயுதபூஜை அன்றைக்கு என்ன வேலை அதற்கு? டிப்போவில் இத்தனை வருஷம் வண்டிக்கு மாலை போட்டிருக்கிறேன், என்ஜின் ஓடும்போது யாராவது சந்தனம் வைப்பார்களா? கருவி ஓய வேண்டும், அப்புறம்தான் பொட்டு. சுவரில் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

மானிட்டருக்கும் கீபோர்டுக்கும் பிரிண்டருக்கும் இந்திராணியே சந்தனம் குங்குமம் வைத்தாள். என் பழைய டிக்கெட் பையையும் தேடி எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தாள். யாரும் சொல்லவில்லை. பொரியை எனக்கு அள்ளிக் கொடுத்து, "நாளைக்குக் காலையில எடுக்குற வரைக்கும் யாரும் தொடக் கூடாது" என்றாள். எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் இன்றைக்கு.

அக்டோபர் 24, செவ்வாய்

மெஷின் வரவில்லை. கறுப்புத் திரையில் அந்த இரண்டு வரி இல்லை. ஏதோ சரிசெய்கிறேன் என்று தானே அணைந்து தானே எழுந்தது. கடைசியில் எது வேண்டும் என்று கேட்காமலே புதியதற்குப் போய்விட்டது. அணைத்துப் போட்டாலும் அதுதான். பழையதைக் காணோம்.

இந்திராணி குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தாள். "என் மெஷின் எங்க?" என்றாள். இதுதான் என்றேன். "இது இல்ல. பத்திரிகை கேட்டு ஆளு வருவாங்க. என் வேலை எல்லாம் எங்க?" குரல் ஏறியது. தோளைத் தொட்டேன். தட்டிவிட்டு எழுந்தாள்.

"யாரு சார் நீங்க? என் கடைக்குள்ள வந்து என்ன பண்றீங்க? வெளிய போங்க. எங்க வீட்டுக்காரர் டூட்டி முடிஞ்சு வர்ற நேரம்."

வெளியே வந்து வாசல் படியில் நின்றேன். உள்ளே தாழ் போடும் சத்தம் கேட்டது. ரபீக்குக்குப் போன் செய்தேன். இருட்டியதும் அவளே தாழைத் திறந்துவிட்டாள்.

தோளைத் தொட்டபோது நான் ஜன்னலுக்கு முன்னால் நின்றிருந்தேன். எதிர்வெயிலில் முகம் தெரிந்திருக்காது.

அக்டோபர் 25, புதன்

நான் பிளக்கைப் பிடுங்கிய கதையைக் கேட்டு ரபீக் தலையில் கையை வைத்துக்கொண்டான். "மொத்தமா அழிச்சுட்டுப் புதுசா ஒண்ணே ஒண்ணு போட்டுக்குவோம் மாமா. பழசு எத்தனை நாளைக்கு?" என்றான். உள்ளறையில் அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததை எட்டிப் பார்த்தான். அவள் நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. மறுபேச்சில்லாமல் பையிலிருந்து பென்டிரைவை எடுத்தான்.

மத்தியானம் தாண்டி என்னைக் கூப்பிட்டான். "பழசு அழியல மாமா. அப்படியே உள்ளதான் இருக்கு. அதுக்குப் போற வழி மட்டும்தான் காணாமப் போச்சு."

இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். சொன்னான்.

சாயங்காலம் இரண்டு வரியும் திரையில் வந்தன. கீழ் வரியைத் தட்டினேன். புல் மேடு வந்தது. இந்திராணி வந்து உட்கார்ந்து, கீபோர்டு ஓரத்தில் காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "உக்காருங்க சார். என்ன வேலை?" என்றாள்.

காதுகுத்துப் பத்திரிகை என்றேன். உட்கார்ந்தேன்.

நவம்பர் 3, வெள்ளி

சார் என்றுதான் கூப்பிடுகிறாள். ஆர்டர் கொண்டு வருகிறவரைச் சார் என்று கூப்பிடுவதுதானே கடை மரியாதை. மற்ற நேரம் எதுவும் கூப்பிடுவதில்லை.

நவம்பர் 13, திங்கள்

நேற்று தீபாவளி. அவளுக்கு மாம்பழ மஞ்சளில் ஒரு சேலை. எடுத்துக் கொடுத்தேன். "இதெல்லாம் நீங்க எதுக்கு சார்? அவரு வாங்கிட்டு வருவாரு" என்று திருப்பி நீட்டினாள். அவர்தான் கொடுத்துவிட்டார் என்றேன். வாங்கிக்கொண்டாள். அதைக் கட்டிக்கொண்டு சாயங்காலம் முழுக்க ஜன்னலோரம் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி டிரிப் முடிந்து நான் வரும் நேரம் தாண்டியும் நின்றாள். நான் அவளுக்குப் பின்னால் நாற்காலியில் இருந்தேன்.

கண்ணாடி, எதிர்வெயில் என்று இதுவரை எழுதியதைப் புரட்டிப் பார்த்தேன். யாரை ஏமாற்ற எழுதினேன் என்று தெரியவில்லை. அவளுக்கு என்னைத் தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

நவம்பர் 20, திங்கள்

புதுமனை புகுவிழா ஆர்டரை நீட்டினேன். வாங்கி ஓரமாக வைத்துவிட்டாள். "இன்னைக்கு வெளி வேலை எடுக்கல சார். சொந்த வேலை ஒண்ணு கெடக்கு" என்றாள். முகம் வாடியிருந்தது. ஆனால் விரல்கள் நிற்காமல் ஓடின. பழைய போட்டோக்கள் இருக்கும் இடத்தைத் தானே தேடித் திறந்தாள். நான் அடுப்பில் சாதம் வைத்துவிட்டு வந்தேன். பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டது.

"சார், ஒரு உதவி. நானே அடிச்சதை நானே படிச்சா தப்பு தெரியாது. புரூஃப் பார்த்துத் தர்றீங்களா?"

வாங்கினேன். கண்ணீர் அஞ்சலி.

நடுவில் என் போட்டோ. காக்கிச் சட்டை, தோளில் பை, பணி ஓய்வு விழாவில் எடுத்தது. கீழே வ. தர்மலிங்கம், ஓய்வு பெற்ற நடத்துநர். தோற்றம் சரியாக இருந்தது. இனிஷியல் சரி. வழக்கமாகப் போடும் இரண்டு வரி துக்கப் பாட்டு இல்லை. அந்த இடத்தில் அவளே எழுதியிருந்தாள்.

'எனக்காகச் சீட்டில் துண்டு போட்டு வைத்திருந்தீர்கள். எனக்கு அன்றைக்கே தெரியும். சொல்லாமலே இருந்துவிட்டேன்.'

கீழே மனைவி இந்திராணி, மகள் கோகிலா.

நாற்பது வருஷம் கேட்டேன். இன்றைக்கு ஒப்புக்கொண்டாள், அதுவும் என்னிடம் இல்லை. காகிதத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அழுதேன். சத்தம் வராமல் அழத்தான் பார்த்தேன், முடியவில்லை. அவள் எழுந்து போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள்.

"உங்களுக்கு அவரைத் தெரியுமா சார்?"

"தெரியும்மா."

"ரொம்ப நல்ல மனுசன்" என்றாள். "கொஞ்சம் வாய்தான் ஜாஸ்தி."

தண்ணீரைக் குடித்தேன். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். அவள் காகிதத்தை வாங்கி, ஓரிடத்தில் விரலை வைத்தாள். மறைவு என்று போட்டு, பக்கத்தில் காலியாக விட்டிருந்தாள்.

"இது ஒண்ணுதான் சார் வரல. தேதி எனக்கு ஞாபகமில்ல. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. விசாரிச்சுச் சொல்றேன்."

"கேட்டுட்டு வாங்க. அது இல்லாம பிரிண்ட் போடக் கூடாது" என்று சொல்லி, சேமித்து வைத்தாள்.

நவம்பர் 21, செவ்வாய்

கோகிலாவுக்குப் போன் செய்தேன். "பழசையே முதல்ல வச்சிரப் போறேன். மாசத்துக்கு ஒரு நாள் டாக்டருக்கு மட்டும் நான் புதுசை எடுத்துக்கிறேன்" என்றேன்.

"அப்ப நீங்கப்பா?"

"நான் கஸ்டமர். தினமும் வர்ற கஸ்டமர்."

அவள் அழுதாள். நான் அந்தக் கண்ணீர் அஞ்சலியைப் பற்றிச் சொல்லவில்லை.

ரபீக் போனில் வழி சொல்ல, நானே மாற்றினேன். கஷ்டமே இல்லை. ஒரு பட்டியலைத் திறந்து, கீழ் வரியைத் தேர்ந்தெடுத்து, சரி என்று கொடுத்தால் போதும். இனி யாரும் தொடாவிட்டாலும் பழையதுதான் திறக்கும்.

நவம்பர் 22, புதன்

பால் வாங்கிக்கொண்டு அவசரப்படாமல் வந்தேன். அவளே ஸ்விட்ச் போட்டு, அவளே உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, கதவை லேசாகத் தட்டி, உள்ளே போனேன்.

"வாங்க சார். அந்தத் தேதி வந்துச்சா?"

"இன்னும் வரலம்மா."

"வரட்டும், அவசரமில்ல" என்றாள். இன்றைய ஆர்டருக்குக் கையை நீட்டினாள். கொடுத்தேன். பக்கத்து நாற்காலியில் அவளுடைய துண்டு கிடந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "உக்காருங்க" என்றாள்.